ஆமெனும் கிலோமீட்டர் கல்லும்

சாப்பாடு கெட்டால் சமைத்தவனைத் திட்டுவார்கள், சட்டை கெட்டால் தைத்தவனைத் திட்டுவார்கள். லாரியின் வேக மீட்டர் தப்பாகக் காட்டினால் மட்டும் முதல் திட்டு டிரைவருக்கு, அப்புறம்தான் எனக்கு.

செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கடை. "மீட்டர் போர்டு வேலை செய்யப்படும்" என்று நானே பெயின்ட் அடித்த பலகை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. மீதிப் படிப்பெல்லாம் ஒரு வயரிங் ஷெட்டில், ஸ்பானரால் முட்டியில் வாங்கியது. பேரம் பேசுவதும் கத்துவதும் யாரும் சொல்லித் தராமலே வந்தன. கை கறுத்துப் பிழைக்கிற உங்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை உங்களிடமும் நாலு இருக்கும். என்னுடையதில் கொஞ்சம் சொல்கிறேன்.

கிலோமீட்டரைக் குறைக்க வந்தவர்

மீட்டர்காரன் என்றாலே ஊருக்கு ஒரு வேலைதான் தெரியும்: ஓடிய கிலோமீட்டரைக் குறைப்பது. பழைய வண்டி வாங்கி விற்கும் ஒருவர், பளபளவென்று கழுவிய மினி லாரியோடு வந்தார். இரண்டு லட்சத்துச் சொச்சம் ஓடியிருந்தது. அதை எண்பதாயிரம் ஆக்க வேண்டுமாம். வாங்கப்போகிறவன் நிலத்தை விற்று வண்டி வாங்குகிறவனாகக்கூட இருப்பான் என்று நினைத்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. கத்திய கத்தலில் எதிர்க் கடை டீ மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்.

வந்தவர் அசரவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தை நிதானமாகப் பார்த்துச் சொன்னார்: "கத்தாத நைனா. நேத்து ஒருத்தன் சிரிச்சிகினே முடியாதுன்னான், உட்டுட்டு வந்துட்டேன். நீ இவ்ளோ கத்துறியே, உன் ரேட்டு ஜாஸ்தி போல கீது."

நாவலூர் தம்பி

நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பி பிக்கப் வண்டி வைத்திருந்தார். லீவு நாளில் கடற்கரை மணலில் இறக்கி ஓட்டுவதற்காகப் பெரிய டயர் போட்டிருந்தார். எண்பதைத் தாண்டாமல் ஓட்டியும் கேமராவில் எண்பத்தெட்டு என்று விழுந்து, அபராதம் வந்திருக்கிறது. கேமரா பொய் என்று சண்டை போடும் எண்ணத்தில் இருந்தார்.

டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு போட்டேன். டயர் ஒரு முழுச் சுற்று சுற்றி வரும்வரை வண்டியைத் தள்ளி, தரையில் இன்னொரு கோடு. இடையில் டேப்பை வைத்து அளந்து, பழைய டயரின் அளவோடு ஒப்பிட்டுக் காட்டினேன். "சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று மட்டும்தான் மீட்டருக்குத் தெரியும், தம்பி. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கே அதிக தூரம் போகும். மீட்டரோ பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்" என்றேன். லேப்டாப்பை மாட்டி அளவை மாற்றினேன். கேட்ட கூலியை ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார். பேரம் பேசாதவரைப் பார்த்தால், குறைவாகக் கேட்டுவிட்டேனோ என்று அன்றைக்குத் தூக்கமே வராது. அவரோ வேறு யோசனையில் இருந்தார். "அண்ணா, எங்க மேனேஜரும் இந்த மீட்டர்தான். நான் சுத்துற சுத்து மட்டும்தான் அவருக்குத் தெரியுது, போன தூரம் தெரியவே இல்ல."

சாமுவேல் அண்ணனின் இரண்டு மணி

சாமுவேல் அண்ணன், மாமல்லபுரம் சிலைப் பட்டறைகளுக்குக் கருங்கல் ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர். லாரி திருக்கழுக்குன்றம் கன்னியம்மா அக்காவுடையது. நான்கு லாரிக்கு முதலாளி. அந்த அம்மாவிடம் பேரம் பேசி ஜெயித்தவரை நான் இன்னும் பார்த்ததில்லை. எல்லா வண்டியிலும் ஜி.பி.எஸ். மாட்டியிருந்தார்; அது சக்கரத்தை எண்ணாது, வண்டி உண்மையில் போகும் வேகத்தையே பார்க்கும். வண்டி அறுபதைத் தாண்டினால் அவர் போனில் மணி அடிக்கும். கருங்கல் ஏற்றிய வண்டி வேகமாக ஓடி ஒரு திருப்பத்தில் சாய்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதில் தப்பு சொல்ல முடியாது.

ஒரு மாதத்தில் சாமுவேல் அண்ணனுக்கு இரண்டு முறை மணி அடித்துவிட்டது. மூன்றாவது அடித்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார் அக்கா. அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. மகள் படூரில் காலேஜ் படிக்கிறாள். இந்த வயதில் புதிதாக யார் வண்டி கொடுப்பார்கள்? ஒரு நாள் காலையில் லோடோடு கடை முன் வந்து நின்றார். "அறுபதுக்கு மேல மீட்டர் முள்ளு போனதே இல்ல" என்றார். நான் டயரைப் பார்த்தேன். "எப்ப மாத்தினது?" "போன மாசம்தான். அக்கா மொத்தமா பேசி வாங்கிச்சி." ஸ்டெப்னி மட்டும் இன்னும் பழைய அளவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நீ பொய் சொல்லல அண்ணாத்த, டயர்தான் பொய் சொல்லுது" என்றேன்.

அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மீட்டரு, போனு, நானு, மூணு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான்னு அக்கா சொல்லுது. அது நான் இல்லன்னு மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடு நைனா, அது போதும்."

சுவரில் எழுதிய அளவு

சீட்டு எதற்கு, மீட்டரையே திருத்தித் தருகிறேன் என்று வேலையைத் தொடங்கினேன். ஸ்டெப்னியைத் தரையில் உருட்டி அளந்தேன்: ஒரு சுற்றுக்கு மூன்று மீட்டர். புது டயர்: மூன்று மீட்டர் முப்பது சென்டிமீட்டர். அந்த நேரம் பார்த்து போன். தப்பான சென்சாரை அனுப்பி வைத்த சென்னை கடைக்காரன். ஒரு கையில் போனைப் பிடித்துக் கத்திக்கொண்டே, மறு கையால் சுவரில் அளவை எழுதி, அதைப் பார்த்து லேப்டாப்பில் அடித்து, "போய்ட்டு வா அண்ணாத்த, இனிமே மணி அடிக்காது" என்று அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான் சுவர் கண்ணில் பட்டது. பழசு: 3.30. புதுசு: 3.00. மாற்றி எழுதியிருந்தேன். மீட்டரை நேராக்கவில்லை, இன்னும் கோணலாக்கியிருந்தேன். இனி அந்த மீட்டர் அறுபது காட்டும்போது லாரி எழுபத்திரண்டில் பறக்கும். கருங்கல் லோடோடு! மூன்றாவது மணியை நானே அடிக்க ஏற்பாடு செய்து அனுப்பியிருக்கிறேன். போன் போட்டேன்; ஓட்டும்போது அண்ணன் போனைத் தொடமாட்டார். சோற்றை அப்படியே மூடிவிட்டு பைக்கை எடுத்தேன். கழுக்குன்றம் மலை தெரிந்ததும் சாமியிடம் கேட்டேன்: அந்த அம்மா போனில் மட்டும் மணி அடிக்காமல் இருக்கட்டும், ஒரு மாதம் யாரிடமும் கத்தமாட்டேன். கொஞ்ச தூரம் போனதும் யோசித்து, ஒரு வாரம் என்று குறைத்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கவிழ்ந்த லாரி கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

மாமல்லபுரம் பட்டறை வாசலில் லாரி நேராக நின்றது. சங்கிலி போட்டுக் கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார். "மணி அடிச்சுதா?" என்றேன், மூச்சு வாங்க. "அடிக்கல. உன் மீட்டர்தான் பேஜாரு பண்ணுது" என்று சிரித்தார். அப்புறம்தான் அவர் பழக்கத்தைச் சொன்னார். வண்டி எடுத்த நாள் முதல், ரோட்டோரக் கிலோமீட்டர் கல் ஒன்று கடந்ததும் வாய்க்குள் பரமண்டல ஜெபம் சொல்லத் தொடங்குவாராம். இரண்டு முறை சொல்ல ஒரு நிமிஷம். அறுபதில் போனால் இரண்டாவது ஆமெனும் அடுத்த கல்லும் சேர்ந்து வரும். டயர் மாற்றியதிலிருந்து ஆமெனுக்கு முன்னாலேயே கல் வந்துகொண்டிருந்ததாம். வயசாகி நாக்கு மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாராம். "காலைல நீ டயர்தான் பொய்ன்ன பிறகுதான் நாக்கு மேல இருந்த சந்தேகம் போச்சு. இன்னிக்கு முள்ளு நாப்பத்தெட்டுல நிக்குது, ஆமென் சொல்றேன், டக்குனு கல்லு. நாப்பத்தெட்டுல ஆமெனுக்கு அப்புறமும் கொஞ்ச தூரம் மிச்சம் இருக்கணுமே?"

சுவரில் அளவை மாற்றி எழுதியதைச் சொன்னேன். அண்ணன் திட்டாமல் மீதி பன்னை என்னிடம் நீட்டியபடி சொன்னார்: "உன் மீட்டரு நாப்பத்தெட்டுன்னுச்சி, என் ஆமென் அறுபதுன்னுச்சி. நான் ஆமெனை நம்பி மெதுவா வந்துட்டேன் நைனா."

கன்னியம்மா அக்கா வாங்கிய டயர்

அங்கேயே மறுபடி அளந்து, வாயை மூடிக்கொண்டு எண்ணை அடித்தேன். பக்கத்து சீட்டில் நான் உட்கார, அண்ணன் சத்தமாக ஜெபம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். முள் அறுபது, ஆமென், கல். மூன்றும் ஒன்றாக வந்தன. மீட்டரைச் சோதிக்க இதைவிட நல்ல கருவி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் கன்னியம்மா அக்கா லாரியோடும் அண்ணனோடும் கடைக்கே வந்துவிட்டார். "டிரைவரும் மீட்டர்காரனும் கூட்டு சேந்துகினீங்களா? டயர் மேல பழி போடுறீங்களா?" என்றார். பதிலுக்குக் கத்த வாய் துறுதுறுத்தது. ஒரு வாரம் என்று பேசியாயிற்றே! பேசாமல் சாக்பீஸை எடுத்தேன். ஒரே இடத்திலிருந்து ஸ்டெப்னியை ஒரு சுற்று உருட்டி ஒரு கோடு, வண்டியை ஒரு சுற்று தள்ளி ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அக்காவின் செருப்பு முழுசாக அடங்கியது. மறுபடி உருட்டச் சொன்னார். உருட்டினேன். அத்தோடு விட்டிருக்கலாம், நேற்று நான் செய்த தப்பு அவருக்குத் தெரியாது. சொல்லாதே என்று அண்ணன் கண்ணாலேயே ஜாடை காட்டினார். ஆனால் என் தப்பை ஆமென் சொல்லிச் சமாளித்த மனுஷன் சந்தேகத்தோடு நிற்க, நான் மட்டும் நல்லவனாக நிற்க மனசு வரவில்லை. சுவரில் அழிக்காமல் வைத்திருந்த அளவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா சுவரைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். கையில் வைத்திருந்த லாரிச் சாவியை அண்ணனிடம் நீட்டினார். "ரெண்டு மணி அடிச்சது நான் வாங்கின டயரு. மூணாவது மணிக்கு வழி பண்ணது நீ. பொய் சொல்லாம இருந்தது இந்த மனுஷன் ஒருத்தர்தான். அவர்கிட்டதான் நான் சாவியைப் புடுங்கப் பாத்தேன்."

இப்போது அக்காவின் நான்கு லாரிகளும் என் கடைக்குத்தான் வருகின்றன, கத்தத் தோன்றும்போதெல்லாம் சாமுவேல் அண்ணன் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை நானும் வாய்க்குள் இரண்டு முறை சொல்லிக்கொள்கிறேன், ஒரே ஒரு கஷ்டம், நான் ஆமெனுக்கு வந்து சேர ஆகும் அந்த ஒரு நிமிஷத்துக்குள் கன்னியம்மா அக்கா பேரத்தை முடித்துவிடுகிறார்.