அறுக்கக் கொடுக்காத கோழி

எங்கள் பக்கத்தில் ஆண்கள் கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குத்தான் குடிபோக வேண்டும். நானும் கல்முனைக்குடியில் மாமியின் வீட்டு வளவுக்குள் பதினொரு வருடமாக மருமகனாக இருக்கிறேன். அந்த வளவில் எனக்கே எனக்கென்று இருந்தது ஒரு கோழி.

நீல முட்டை இடும் அமெரோகானா இனம். அதிலும் அபூர்வமான லாவண்டர் நிறம்; சாம்பலில் ஒரு துளி ஊதாவை விட்டுக் கலக்கியது போல இருக்கும். குருநாகலில் குஞ்சாக வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். காற்சட்டையை மூன்று தரம் கழுவ வேண்டியிருந்தது. அது வளர்ந்ததும் மாமி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “சீமெந்துப் பேக்குக்குள்ள விழுந்ததா மருமகன்?” என்றார். நீல முட்டையை வீட்டில் ஒருவரும் தொடவில்லை. நான்தான் தனியாகப் பொரித்துத் தின்றேன்.

அதே நிறத்தில் குஞ்சு வேண்டுமென்றால் அதே நிறச் சேவல் வேண்டும். குருநாகல்காரர் ஒன்று அனுப்புவதாகச் சொன்னார். அதுவரை ஊர்ச் சேவல்கள் அண்டக் கூடாதென்று கோழியைக் கூட்டில் அடைத்து, நல்ல சோளமும் அரிசியும் போட்டேன்.

கோழி வளர்ப்பைப் பற்றி எல்லாவற்றையும் வாசித்த நான், ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த ஒன்றை மறந்துபோனேன். மேய்ந்து திரியும் கோழியை அறுப்பதற்கு முன்பு மூன்று நாள் அடைத்துச் சுத்தமான தீனி போடுவது எங்கள் வழக்கம். நான் கோழியை அடைத்து மூன்று நாள் கழித்து வந்த வெள்ளிக்கிழமைதான் மனைவியின் தங்கையுடைய புதுமாப்பிள்ளைக்கு விருந்து.

மூன்று நாளும் மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். என் அருமை இப்போதாவது விளங்கியதே என்று நானும் சிரித்தேன். வெள்ளி காலை, கோழி அறுத்துக் கொடுக்கும் பள்ளிவாசல் லெப்பை கத்தியோடு வந்து, “எங்க, மூத்த மருமகன் குடுத்த கோழி?” என்றபோதுதான் விளங்கியது.

கூட்டை மறித்துக்கொண்டு நின்றேன். “இது அறுக்கிற கோழி இல்ல லெப்பை.”

“அப்ப மூணு நாளா அடைச்சி வெச்சித் தீன் போட்டது என்னத்துக்கு? கலியாணம் முடிச்சி வெக்கவா?” என்றார் மாமி.

“ஓம் மாமி. மாப்பிள்ளை குருநாகல்ல இருந்து வாறார்.”

லெப்பை தாடிக்குள் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. “புதுமாப்பிள்ளைக்கு ஒரு கோழி அறுக்க வக்கில்லாத வீடெண்டு ஊர் கதைக்கும்.”

“கதைக்கட்டும். சந்தையில ரெண்டு கோழி வாங்கித் தாறன். இதத் தரமாட்டன்.”

பதினொரு வருடத்தில் அந்த வளவுக்குள் ‘மாட்டேன்’ என்ற சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்து கோழி கம்பிக்குள்ளால் என் காலைக் கொத்தியது. நன்றி என்பதெல்லாம் அந்த இனத்துக்குக் கிடையாது.

சந்தைக்கு ஓடினேன். இரண்டு கோழி வந்தது, விருந்தும் நடந்தது. புதுமாப்பிள்ளை மூன்று தரம் கறி வாங்கினார். மாமி மட்டும் அன்றிலிருந்து என்னோடு நேரே கதைப்பதில்லை. நேற்றும் நான் பக்கத்தில் நிற்கும்போதே தன் மகளைக் கூப்பிட்டு, “உன்ட மாப்பிள்ளைக்கிட்டக் கேளுகா, பெருநாளைக்காவது அந்தக் கோழியத் தருவாரா எண்டு” என்றார்.

“தரமாட்டனெண்டு சொல்லு” என்றேன் மனைவியிடம், அடுத்த வளவுக்கும் கேட்கும்படி.