மரியின் மகளுக்குத் தொண்டை வலி

மொன்றியலில், வில்லரே பகுதியில் எங்கள் வீட்டின் வெளிப்படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது, பனிச் சப்பாத்தின் பாரம் என்றுதான் நினைத்தேன். சித்திரை பிறந்து சப்பாத்தைக் கழற்றிய பிறகும் மூச்சு வாங்கியது.

மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "சின்ன வயதில் மூட்டு வீங்கியதா?" என்றார். வீங்கியது. மன்னாரில் பள்ளிக்கூடம் போன காலத்தில், தொண்டை வலி மாறிச் சில கிழமைகளில் (வாரங்களில்) முழங்கால் வீங்கியது, பிறகு முழங்கை. வளருகிற வயது என்று விட்டுவிட்டார்கள். அது ருமாட்டிக் காய்ச்சல் (கவனிக்காமல் விட்ட தொண்டைத் தொற்றுக்குப் பின்னால் வந்து மூட்டையும் இதயத்தையும் தாக்குவது). மூட்டு ஆறிவிட்டது. இதயத்தின் ஈரிதழ் வால்வு (இடப்பக்க இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள கதவு) ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து வால்வைச் சரிசெய்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே நோயோடு மரி இருந்தாள். விமானமும் கப்பலும் மட்டும் போகிற, தூரத்து இன்னு பூர்வகுடிக் கிராமத்தவள். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு தெரியும், இரண்டு பேரும் கத்தோலிக்கர். தொண்டைக்குப் பாதுகாவலரான புனிதரின் திருநாளில் இரண்டு மெழுகுதிரியைக் கழுத்தில் குறுக்காக வைத்து ஆசீர்வதிப்பது அவர்கள் கோயிலிலும் உண்டாம்.

"வருஷா வருஷம் வரிசையில நிண்டும் எங்கள் ரெண்டு பேரையும் அவர் மறந்திட்டார்" என்றேன். தையல் நோக நோகச் சிரித்தோம்.

ஒரு காலை ஊரிலிருந்து அவளுக்குச் செய்தி வந்தது. மகளுக்குக் காய்ச்சல், தொண்டை வலி. மரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். முன்பெல்லாம் அங்கே தொண்டையில் தடவிய பஞ்சுக்குச்சி விமானம் ஏறி நகரத்துக்குப் போகும். முடிவு வருவதற்குள் காய்ச்சல் மாறி, பிள்ளை விளையாடப் போய்விடும். யாரும் மருந்தை நினைக்க மாட்டார்கள். எனக்கும் பயமாக இருந்தது. கைபேசி எல்லோரிடமும் இல்லாத காலம். மன்னாருக்குக் கதைக்கக் கணவர் வாங்கித் தந்த தொலைபேசி அட்டையை அவளிடம் நீட்டினேன்.

கிராமத்துத் தாதி, இப்போது விரைவுப் பரிசோதனை (தொண்டையில் கிருமி உண்டா என்று அங்கேயே நிமிடங்களில் பார்ப்பது) வந்துவிட்டது, லைனை வைக்காமல் நில்லுங்கள் என்றாராம். என் மாமியார் தொலைபேசியில் சுகம் விசாரித்து முடிக்க எடுக்கிற நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது.

"கிருமி இருக்காம்!" என்று மரி கத்தினாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்நேரம் பார்த்து என் கணவர் சாப்பாட்டோடு வந்தார்.

"என்னப்பா, நல்ல செய்தியோ?"

"ஓம். மரியின்ர பிள்ளைக்குத் தொண்டையில கிருமியாம்."

"அதுக்கேன் சிரிக்கிறியள்?"

"இண்டைக்கே மருந்து குடுக்கினம். இனி நெஞ்சுக்குப் போகாது."

இந்த நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளைக்குத் தொண்டை நொந்தால் மல்லித்தண்ணி தாராளமாகக் கொடுங்கள், ஆனால் பரிசோதனைக்கும் கூட்டிப் போங்கள். சுகம் வந்துவிட்டது என்று மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.

அந்தக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க எனக்கு மாதம் ஒரு பெனிசிலின் ஊசி இன்னும் உண்டு. போட்ட இடம் நோகும்போது, நான் கண்ணாலும் பார்க்காத அந்தப் பிள்ளையை நினைப்பேன், சந்தோஷமாக இருக்கும். என் தொண்டை வலி முப்பது வருடம் இழுத்து வால்வு வரை வந்தது. அவளுடையது அந்தக் கிழமையோடு சரி. அவளுக்கு அது ஞாபகமே இருக்காது.