சட்டத்துக்கு ஒத்துவராத கணக்கு

எழுபதுகளின் நடுவில், வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊரில் இருந்த மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். ஒன்பதாம் வகுப்புக்குத் திண்ம உருவங்கள் நடத்த வேண்டியிருந்தது. கரும்பலகையில் பட்டகத்தை வரைந்தால் பிள்ளைகளுக்கு அது சாய்ந்த பெட்டியாகத்தான் தெரிந்தது. பள்ளிக்குப் புது ஜன்னல் போட்டுக்கொண்டிருந்த தச்சரிடம் மரத்தில் சில உருவங்கள் செய்துதரச் சொன்னேன்.

முக்கோணப் பட்டகத்தைக் காகிதத்தில் வரைந்து கொடுத்து, "ரெண்டு தலைப்பும் ஒரே மாதிரி முக்கோணம், பக்கம் மூணும் செவ்வகம்" என்றேன். கொஞ்சம் கர்வத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டேன்: "முகத்தையும் முனையையும் கூட்டினா, விளிம்பை விட ரெண்டு அதிகமா வரும். அஞ்சும் ஆறும் பதினொண்ணு, விளிம்பு ஒன்பது. தட்டையான முகம் இருக்கிற எந்த உருவமா இருந்தாலும் இதுதான் கணக்கு."

அதே வாக்கியத்தை வகுப்பிலும் எழுதிப்போட்டிருந்தேன்.

நான்கு நாள் கழித்து அவர் பட்டகம், கனசதுரம், பிரமிடு எல்லாம் கொண்டுவந்தார். கூடவே நான் கேட்காத ஒன்றும் இருந்தது. மிச்சமான முக்கோணக் கட்டையை நான்கு துண்டாக்கி, தலைப்புகளைச் சாய்வாக அறுத்து, படச்சட்டம்போல ஒட்டியிருந்தார். கட்டைகளின் தட்டைப் பக்கம் வெளியே, கூர்ப் பக்கம் உள்ளே.

"நீங்க சொன்ன கணக்கு இதுக்கு ஒத்து வரலியே டீச்சர். ரெண்டு தபா எண்ணிட்டேன்."

"தப்பா எண்ணியிருப்பீங்க அண்ணே" என்றேன்.

"நீங்களே எண்ணிப் பாருங்க. இன்னா வருதுன்னு சொல்லுங்க."

சாக்பீஸால் குறித்துக்கொண்டே எண்ணினேன். முகம் பன்னிரண்டு. முனை பன்னிரண்டு. விளிம்பு இருபத்து நான்கு. கூட்டினால் இரண்டு அதிகம் வரவேண்டியது, சரிசமமாக நின்றது. மறுபடி எண்ணினேன். அதேதான் வந்தது. நல்லவேளை, பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை என்று நினைத்ததும் நினைவிருக்கிறது.

"நடுவுல ஓட்டை கீது பாருங்க, அதனாலயா?" என்று அவர்தான் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவரைப் பூந்தமல்லியில் போய்ப் பார்த்தேன். ஓட்டைதான் காரணம் என்றார். இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். சொன்னேன்.

திங்கட்கிழமை அந்த மரச்சட்டத்தை மேசைமேல் வைத்து, பிள்ளைகளையே எண்ணச் சொன்னேன். நான் சொல்லிக்கொடுத்தது எல்லா உருவத்துக்கும் பொருந்தாது என்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "நோட்டுல எழுதுனத அடிச்சிடலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"அடிக்க வேணாம். 'உருவம்'னு இருக்கிறதுக்கு மேல 'ஓட்டை இல்லாத' அப்படின்னு எழுதிக்கோங்க."

மத்தியானம் தச்சரிடம் போய், அவர் கேட்டது சரிதான் என்று சொன்னேன். ஜன்னல் கதவுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அப்படியா?" என்றார். பிறகு கதவின் மறுபக்கத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.