எங்க நிண்டீங்க?

காத்தான்குடி சஹ்லா, மட்டக்களப்பில் தொழிலாளர் வழக்குகள் பேசும் யசோதினியிடம் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த சட்ட மாணவி. அன்று தொழில் நியாய சபையில் ஆரையம்பதி கோமளேஸ்வரியின் வேலைநீக்க வழக்கு. அவள் தானாகவே வேலையை விட்டு நின்றாள் என்று தையல் கம்பனி சாதித்தது.

கம்பனிச் சட்டத்தரணி, பெரிய கெட்டிக்காரர், கேட்டார்: "மேனேஜர் ஏசின அடுத்த நாளே நீங்க நிண்டீங்கதானே?"

"ஓம், நிண்டன்," என்றாள் கோமளேஸ்வரி.

அவர் சிரித்துக்கொண்டே அமர்ந்தார். சஹ்லா 'வேலையை விட்டு நின்றாள்' என்று குறிப்பெழுதினாள்.

யசோதினி எழுந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எங்க நிண்டீங்க?"

"கம்பனி கேற்றடியில. செக்குரிட்டி உள்ள விடல்ல. காலையில இருந்து பின்னேரம் மட்டும் வெயிலுக்குள்ள நிண்டன்."

பேச்சு வந்த நாள் முதல் சஹ்லாவின் வாயில் புழங்கிய சொல்தான் இந்த 'நிண்டன்'. குறிப்பெழுதிக்கொண்டிருந்த அவளுடைய பேனா அப்படியே நின்றுவிட்டது.