தென்னை நட்டவர்

லாபுவில் வீடு பார்க்கப் போன அன்று அப்பா, அம்மா, நான், வீட்டை விற்பவர் எல்லோரும் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலத்துக்காரர் மட்டும் இல்லை. அப்படி ஒருவர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

விற்பவருக்கு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கொல்லையில் நடக்கும்போது ஒவ்வொரு தென்னையையும் மாட்டைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே வந்தார். அந்த நாலு தென்னைக்காகத்தான் அப்பாவுக்கு வீடே பிடித்தது.

"இதெல்லாம் யாருங்க நட்டது?" என்றார் அப்பா.

"நான்தான்லா அண்ணே, என் கையால."

அப்பாவுக்கு அது போதும். அவர் ரப்பர் பால் வெட்டிய எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் யாருக்கும் பட்டா கிடையாது; நட்டவருக்கே கொல்லை.

குடியேறிய பிறகு பின் நிலத்துக்காரர் சர்வேயரோடு வந்தார். சமையலறைச் சுவரை ஒட்டியே எல்லைக் கல். நாலு தென்னையும் அவர் மண்ணில்.

கொதித்துப்போய் விற்றவர் வீட்டுக்குப் போனேன். "அங்கிள், எங்கள ஏமாத்திட்டீங்களே!"

வாசல் மாமரத்தைத் தட்டியபடி சொன்னார்: "நான் என்ன பொய் சொன்னேன் தம்பி? யாரு நட்டதுன்னு உங்கப்பா கேட்டாரு, சொன்னேன். யாரு நிலம்னு கேட்கலையே."

இன்றும் நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். அப்பாவோ அவரைத் திட்டுவதே இல்லை. "நட்டது அவருதானே" என்கிறார். அந்தத் தென்னைகளை விட மனமில்லாமல், பின் நிலத்துக்காரரிடம் அந்தத் துண்டு மண்ணை வாங்கினோம். வக்கீல் செலவோடு இருபத்திரண்டாயிரம் ரிங்கிட்.