கோப்பெங் சாலையில் அஞ்சலை ஓட்டிய சைக்கிள்

பள்ளி விடுமுறையில் மலேசியாவின் ஈப்போ நகரத்துக்குப் போனேன். குகைக் கோயிலும் வெள்ளைக் காப்பியும் முதல் நாளே முடிந்துவிட்டன. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, ரப்பர் தோட்டங்களில் மிஞ்சிய பெண்கள் என்ன செய்தார்கள் என்பது என் வெகுநாள் கேள்வி. மறுநாளை அதற்கு ஒதுக்கினேன்.

காலை எட்டு மணிக்கு வாடகைக் கார். கோப்பெங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குச் சுமார் இருபது கிலோமீட்டர், முப்பது ரிங்கிட். ஓட்டுநர் செல்வம், "பாக்க ஒன்னும் இல்லலா அக்கா, எல்லாம் செம்பனை," என்றார். உண்மைதான். எங்கும் எண்ணெய்ப் பனை; ரப்பர் தரும் பால்மரம் ஒன்றுகூட இல்லை. லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள் நின்ற இடத்தில் புதிய தரை வீடுகள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கும் சாலையோரக் கடையில் விசாரித்தோம். கடைக்கார லெட்சுமி அக்கா, எழுபது தாண்டியவர், அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவராம். தன் அம்மா அஞ்சலையைப் பற்றிச் சொன்னார்.

கணவர் ராமனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது அஞ்சலைக்கு இருபது வயதுகூட இல்லை. ரப்பர் வாங்க ஆளில்லை. பெண்களே மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். கிழங்கை கோப்பெங் கொண்டுபோய் உப்புக்கும் துணிக்கும் மாற்ற வேண்டும். ராமனின் சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. அஞ்சலை தோட்டத்துச் சாலையில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினார். டயர் கிடைக்காததால் ரப்பர் தகட்டைச் சீவிச் சக்கரத்தில் சுற்றிக் கட்டினார். அக்கம்பக்கத்துக் கிழங்கெல்லாம் அவருக்குப் பின்னால் மூட்டையாகப் போனது.

சண்டை முடிந்து ராமன் திரும்பினார், காலில் ஆறாத புண்ணோடு. வந்த அன்றே, "நான் வந்துட்டேன்ல, இனிமே சைக்கிள தொடாத," என்றாராம். அஞ்சலை அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

புண் அழுகிக் காய்ச்சல் கண்டது. லாரி கிடைக்கவில்லை. அஞ்சலை அவரைப் பின்னால் உட்காரவைத்து, சரிந்துவிடாமல் பழைய சேலையால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு, பத்து காஜா என்ற ஊரின் ஆஸ்பத்திரி வரை மிதித்தார். லயமே வாசலில் நின்று பார்த்தது. உயிர் தங்கியது. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"அப்புறம் அப்பா ஒன்னும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"இல்லலா. தெனம் காலையில டயர அமுக்கிப் பாக்குறதே அவருதான். நாங்க பொண்ணுங்க ஓட்டப் பழகுனப்ப, படியில உக்காந்துகிட்டு 'முன்னால பாரு, முன்னால பாரு'ன்னு கத்துவாரு."

"மத்த பொம்பளைங்க?"

"புருஷன் வந்தவங்க, பழையபடி அவரு சொல்றத கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வராதவங்கள்ல சில பேர கொழுந்தனுக்குக் கட்டி வெச்சாங்க."

போர் பெண்களுக்கு விடுதலை தந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம் என நினைத்துத்தான் போனேன். முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், கடை சீக்கிரம் மூடிவிடும். காரை அனுப்பிவிடாதீர்கள், திரும்பி வர வண்டி கிடைப்பது சிரமம். சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள். கேமராவை எடுத்தால் பேச்சு நின்றுவிடும்.

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டேன். "அப்பாவுக்குக் கால் சரியாகியிருந்தா?"

லெட்சுமி அக்கா மேசையைத் துடைத்தார்.

"சைக்கிள் அவருகிட்டயே போயிருக்கும். அம்மாவே சொல்லியிருக்காங்க."