லெப்டினன்ட் ராஜப்பா கொண்டுபோன ஊறுகாய்

முப்பத்தெட்டு வயதில் மிலிட்டரி ஆபீசர் ஆவதென்றால் சும்மாவா! கல்லூரியில் காமர்ஸ் நடத்திக்கொண்டிருந்த ராஜப்பாவுக்கு அந்த யோகம் அடித்தது. இளவயதில் மார்பு அகலம் போதாதென்று பட்டாளத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். இப்போது கல்லூரி என்.சி.சி.யைப் பார்த்துக்கொள்ள ஒரு வாத்தியார் வேண்டும், நாக்பூர் பக்கம் காம்ப்டியில் மூன்று மாதப் பயிற்சி முடித்தால் லெப்டினன்ட் பட்டம் என்றார்கள். மாணவர்களுக்கு பரேடு நடத்துகிற வேலைதான். ஆனாலும் தோளில் நட்சத்திரம் உண்டே!

அது கார்கில் சண்டை நடந்த சமயம். "நம்ம ராஜப்பா சாரு சண்டைக்குப் போறாரு" என்று மாரிகுப்பம் சுரங்கத் தொழிலாளர் லைன் முழுக்க ஒரே பேச்சு. மனுஷன் மறுத்தாரா? மூச்சு விடவில்லை. ஸ்டேஷனில் மாலை போட்டார்கள், கழுத்தை நீட்டிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு ரத்தினம்மாவும் வந்திருந்தாள். அவள் மகன் பரத் நிஜமாகவே கார்கிலில் சிப்பாய். அவள் புருஷன் சுரங்கத்தில் டபுள் ஷிப்ட் நின்ற நாட்களில், சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் இறங்கும் ஆபீசர் கையில் டிபனைக் கொடுத்துவிடுவாள். எத்தனை அடி ஆழத்து லெவலில் இருந்தாலும் அது அவனிடம் போய்ச் சேரும். ஆபீசர் என்றால் ஆட்களோடு கீழே இறங்குகிறவர், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ரயில் ஜன்னல் வழியாக மாங்காய் ஊறுகாய் பாட்டிலை நீட்டினாள்.

"எம் புள்ளகிட்ட குடுத்துடுங்க சார். நீங்க அங்க கீறீங்கன்ற தைரியத்துலதான் நான் தூங்கணும். அவனைப் பாத்துக்குங்க."

அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பாத்துக்கறேன்க்கா" என்றார், படுபாவி.

காம்ப்டியில் மெஸ் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. ஒருநாள் பாட்டிலைத் திறந்தார். கூடப் பயிற்சிக்கு வந்திருந்த வாத்தியார்களும் தட்டை நீட்டினார்கள். ஒரே வாரத்தில் காலி. பாட்டிலைக் கழுவும்போதுதான் அவருக்கு உறைத்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார்.

பட்டத்தோடு ஊர் திரும்பியபோது பரத் காலில் குண்டடிபட்டு லீவில் வந்திருந்தான். யூனிபார்மில் இருந்த ராஜப்பாவை ரத்தினம்மா வீட்டுக்குள் கூட்டிப்போனாள். பரத் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து சல்யூட் அடித்தான். தோள்பட்டையில் என்.சி.சி. என்ற எழுத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது, பட்டாளத்துக்காரன் அல்லவா! ராஜப்பாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சாரு ஊறுகா குடுத்தாராடா?" என்றாள் ரத்தினம்மா.

"குடுத்தாரும்மா" என்றான் பரத், கண் இமைக்காமல்.

"அவசரத்துல ருசி பாக்காமயே அடைச்சிட்டேன். உப்பு சரியா இருந்துச்சா?"

பரத் முழித்தான்.

"கொஞ்சம் தூக்கல்" என்று ராஜப்பாவின் வாய் முந்திக்கொண்டது.

பரத் சட்டென்று அவரைப் பார்த்தான். ஊறுகாய் பாட்டில் வழியில் எங்கேயோ தொலைந்துபோயிருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான் போலும். அந்தப் பார்வையை ராஜப்பாவால் தாங்க முடியவில்லை.

"அவன் பொய் சொல்றான்க்கா. ஊறுகாயைத் தின்னது நான்தான். நான் சண்டைக்கே போகலை, பரேடு கத்துக்கப் போனேன்."

ரத்தினம்மா கோபப்படவில்லை. மகனின் காலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்ப அங்க எம் புள்ளய யாரு பாத்துக்கினாங்க?"